கோவையில் முழுநேர பிஎச்.டி.: காசு, வாரம், வள்ளி கும்மி

கேள்வியின் சுருக்கம் இது. அந்தியூர்ப் பக்கத்து ஊர், மஞ்சளும் கரும்பும் போடும் குடும்பம், வீட்டில் முதல் பட்டதாரி. தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்து ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி செய்கிறவருக்கு மாதாமாதம் தரும் அரசு உதவித்தொகை, ஃபெலோஷிப்) வாங்கிய ஒரு தம்பி, திசு வளர்ப்பில் (செடியின் சிறு துண்டை ஃபிளாஸ்க்கில் வைத்து வளர்ப்பது) பிஎச்.டி. செய்ய கோவை வருகிறார். வடவள்ளிப் பக்கம் ரூம் தேடுகிறார். காசு போதுமா, நாளை எப்படி ஓட்டுவது, ஊரில் ஆடிக்கொண்டிருந்த வள்ளி கும்மியை (நம்ம கொங்குப் பக்கத்துக் குழு ஆட்டம்) விட்டுவிட வேண்டுமா, "எப்பச் சாமி வேலைக்குப் போவே" என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வது, பைக் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, எம்.எஸ்சி. வரைக்கும் மணியடித்தால் வகுப்பு, தேதி போட்டால் பரீட்சை. பிஎச்.டி.யில் மணியடிக்க ஆள் கிடையாது. அதனால் தேதியே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் நான்கு தேதிகள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன: பல்கலைக்கழகத்தின் தேதி, ஃபெலோஷிப்பின் தேதி, செடியின் தேதி, வீட்டின் தேதி. ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது. நன்றாகப் படிக்கிற ஸ்காலர்கள்கூடத் திணறுவது இவை மோதும் இடத்தில்தான்.

காசிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் அதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிப்படி கோர்ஸ் வொர்க்கையும் (தொடக்கத்தில் முடிக்க வேண்டிய பாடங்கள்) சேர்த்து பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு வரை. ஃபெலோஷிப்போ ஜே.ஆர்.எஃப். 2 ஆண்டு, அதற்கு அடுத்த படியான எஸ்.ஆர்.எஃப். 3 ஆண்டு, மொத்தம் 5 ஆண்டு. தீசிஸை அதற்கு முன்பே கொடுத்துவிட்டால் அதோடு நின்றுவிடும். ஆக, ஆறாம் ஆண்டு உங்களுக்கு உண்டு, அதற்குப் பணம் கிடையாது. தீசிஸ் கொடுத்த பிறகும் வெளித்தேர்வாளர்களின் அறிக்கை வந்து வைவா (வாய்மொழித் தேர்வு) நடக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களுக்கும் எதுவும் வராது.

1.1.2023 முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். 42,000. தபால் ஆபீஸ் ஆர்.டி. (மாதாமாதம் பணம் போடும் தொடர் சேமிப்பு) 60 மாதக் கணக்கு, ஃபெலோஷிப்புக்கும் 60 மாதம். மாதம் 5,000 போட்டால் அசல் மட்டும் 3 லட்சம். வைவா முடிந்து வேலை கிடைக்கும் வரை அந்தப் பணம் தாங்கும். ஒன்று கவனம்: நான்கு தவணைக்கு மேல் தவறினால் ஆர்.டி. கணக்கு நின்றுபோகும். ஃபெலோஷிப் பணம் மாதாமாதம் ஒரே தேதியில் வராது. எனவே முதல் அரியர் (தாமதமாகி மொத்தமாக வரும் நிலுவைப் பணம்) வந்ததும் ஆறு தவணைக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகு கணக்கைத் தொடங்குங்கள்.

சேர்ந்த மாதமே பணம் வரும் என்று கிளம்பி வராதீர்கள். ஜாயினிங் ரிப்போர்ட் போய், சரிபார்த்து, போர்ட்டலில் பெயர் ஏறி, நிறுவனம் மாதாமாதம் உறுதிசெய்தால்தான் பணம் விடுவிக்கப்படும். நான்கு மாதச் செலவுக்காவது கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். உறுதிசெய்யும் அலுவலர் யார், மாதத்தில் எந்தத் தேதிக்குள் செய்வார் என்பதை முதல் வாரமே கேட்டு வையுங்கள். அவர் விடுப்பில் போகிற மாதம் உங்கள் பணமும் விடுப்பில் போகும்.

வெளியே ரூம் எடுப்பதற்கு முன் ஹாஸ்டல் விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஹாஸ்டலில் இடம் தருகிறோம் என்று அவர்கள் சொல்லி, நீங்களாக வேண்டாம் என்றால் ஹெச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) கிடைக்காது. இடம் இல்லை என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள். காண்டிஞ்சென்சி (ஆராய்ச்சிச் சில்லறைச் செலவுக்குத் தரும் பணம்) அறிவியல் பாடங்களுக்கு முதல் 2 ஆண்டு ஆண்டுக்கு 12,000, அடுத்த 3 ஆண்டு ஆண்டுக்கு 25,000. பில் இல்லாத செலவு கணக்கில் ஏறாது. கெமிக்கல் வாங்கினாலும் பிரிண்ட் எடுத்தாலும் உங்கள் பெயரில், தேதியோடு பில் கேளுங்கள். மார்ச் கடைசி வாரத்தில் பில் தேடி அலைகிற கூட்டம் எல்லாத் துறையிலும் உண்டு. ஜே.ஆர்.எஃப்.பை எஸ்.ஆர்.எஃப். ஆக்க வெளி நிபுணர் ஒருவரோடு குழு கூட வேண்டும், அது தானாக நடக்காது. 22ஆம் மாதமே கைடிடம் (ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியர்) நினைவூட்டி, செய்த வேலையின் சுருக்கத்தை எழுதி வையுங்கள்.

ரூம் பார்க்கும்போது வாடகைக்கு முன் தண்ணீரைக் கேளுங்கள். நல்ல தண்ணி எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, தொட்டி எவ்வளவு பெரிசு, மற்ற நாளெல்லாம் போர் தண்ணியா என்று. இரண்டாவது, தனி மீட்டரா என்று பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஒவ்வொரு இணைப்புக்கும்தான். ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்திருந்தால் யூனிட்டுக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள், இன்டக்‌ஷன் அடுப்பு வைத்தால் அங்கேதான் தகராறு வரும். அட்வான்ஸ் எவ்வளவு, காலி செய்யும்போது பெயின்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை வாட்ஸப்பிலாவது எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

சோறு. மூன்று வேளையும் மெஸ்ஸில் சாப்பிட்டால் முதலில் வயிறு போகும், அப்புறம் காசு போகும். ஒரு வேளையாவது நீங்களே ஆக்குங்கள். நம்ம ஊர் அரிசிம்பருப்பை விட ஸ்காலருக்குத் தோதான சாப்பாடு இல்லை: ஒரே குக்கர், அரை மணி நேரம். இரண்டு வேளைக்கு அரிசி 150 கிராம், துவரம்பருப்பு 50 கிராம். இரண்டையும் கழுவி 15 நிமிடம் ஊற வையுங்கள். கடலையெண்ணெயில் கடுகு, அரை ஸ்பூன் சீரகம், நாலு மிளகு, இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, பத்து சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு தக்காளி வதக்கி, மஞ்சள் தூள், உப்பு போட்டு 750 மில்லி தண்ணீர் கொதித்ததும் அரிசியும் பருப்பும் போட்டு மூன்று விசில். பருப்பு வேகாமல் நறுக்கு நறுக்கென்று நின்றால் அடுப்பைக் குற்றம் சொல்லாதீர்கள், போர் தண்ணியின் உப்புதான் காரணம். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் பருப்பை இளக விடாது. சமையலுக்கு நல்ல தண்ணி மட்டும். தக்காளி அதிகமானாலும் புளிப்பில் பருப்பு தாமதமாகத்தான் வேகும். பங்குனி, சித்திரை வெயிலில் காலையில் ஆக்கியதை ராத்திரிக்கு வெளியே வைத்துச் சாப்பிடாதீர்கள். காய்கறிக்கு வடவள்ளி உழவர் சந்தை இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள். வாரம் ஒரு நாள் கொள்ளு 100 கிராம் ஊற வைத்து வேக வைத்தால், வடித்த தண்ணி ரசத்துக்கு, கொள்ளு கடைசலுக்கு.

இனி வாரம். நாளுக்கு டைம்டேபிள் போடுவது வீண் வேலை. ஆட்டோகிளேவ் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) கிடைக்காத ஒரு காலையில் அது உடைந்துவிடும். வாரத்துக்கு ஐந்தே ஐந்து விஷயங்களை அசையாமல் நிறுத்துங்கள்: கைடைப் பார்க்கும் நேரம், சப்கல்ச்சர் (வளரும் திசுவைப் புது மீடியத்துக்கு, அதாவது புது ஊட்டக் கலவைக்கு மாற்றுவது) நாள், எழுதும் நேரம் இரண்டு, ஆட்டத்துக்கோ ஊருக்கோ போகும் ஒரு பொழுது. மீதியெல்லாம் இடம் மாறலாம்.

கைடு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு பேராசிரியரிடம் ஒரே சமயத்தில் 8 பேர் வரை பிஎச்.டி. செய்யலாம், இணைப் பேராசிரியரிடம் 6, உதவிப் பேராசிரியரிடம் 4. அதற்கு மேல் வகுப்பு, நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) வேலை, தேர்வு வேலை. உங்கள் சோதனை போன வாரம் எங்கே நின்றது என்பது அவருக்கு நினைவிருக்காது. அதைத் தன்மேல் அக்கறையில்லை என்று எடுத்துக்கொண்டு வருத்தப்படுகிறவர்கள் பலர். சந்திப்புக்கு முந்தின நாள் பொழுதோட ஒரு பக்கம் அனுப்புங்கள். அதில் நாலே விஷயம்: என்ன செய்தேன், எங்கே நிற்கிறது, அடுத்து என்ன, உங்களிடமிருந்து எனக்கு என்ன வேண்டும். நாலாவது வரிதான் முக்கியம். "பாருங்கள் சார்" என்று எழுதினால் ஒரு மாதம் ஆகும். "ஹார்மோன் அளவு 1 மில்லிகிராமா, 2 மில்லிகிராமா, இதில் எதற்குப் போகட்டும்" என்று கேட்டால் நின்ற இடத்திலேயே பதில் வரும். பேசி முடித்த ராத்திரியே, முடிவானதை ஐந்து வரியில் மெயில் போடுங்கள். இதை மூன்று ஆண்டு செய்தால் டாக்டோரல் கமிட்டிக்கு (உங்கள் ஆய்வை மேற்பார்க்கும் குழு) ஆறு மாதத்துக்கு ஒரு முறை தர வேண்டிய அறிக்கை பாதி தயாராக இருக்கும், "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்ற பேச்சும் வராது.

செடியின் தேதி யாருக்கும் வளைந்து கொடுக்காது. உங்களுக்குத் தெரிந்ததுதான்: மீடியம் பி.ஹெச். 5.8, ஆட்டோகிளேவ் 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம், வளர்ப்பு அறை 25 டிகிரியை ஒட்டி, 16 மணி நேர வெளிச்சம். தெரியாமல் போவது காலண்டர் பக்கம்தான். இன்றைக்கு சப்கல்ச்சர் செய்தால் 21 முதல் 28 நாளில் அதே வேலை திரும்ப வரும். அந்த நாள் பொங்கலா, ஊரில் கல்யாணமா என்று இன்றைக்கே பார்க்க வேண்டும். எல்லா ஃபிளாஸ்க்கையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். இரண்டு பாதியாக, ஒரு வாரம் இடைவெளி விட்டு, வேறு வேறு நாள் தயாரித்த மீடியத்தில் மாற்றுங்கள். பூஞ்சை விழுந்தால் மூன்று முதல் ஏழு நாளில் கண்ணுக்குத் தெரியும், அப்போது பாதியாவது மிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தால் பூஞ்சைத் தொல்லை கூடும். திரும்பக் கிடைக்காத மாதிரிகளை அந்த மாதங்களில் புதிதாகத் தொடங்காமல் இருப்பது நல்லது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முந்தின நாள் பேப்பரில் வந்துவிடும். அதைப் பார்க்கும் வழக்கம் லேபில் ஒருவருக்காவது இருக்க வேண்டும், ஏசி நின்றால் வளர்ப்பு அறை சீக்கிரம் சூடாகிவிடும்.

லேப் நோட்டில் மீடியம் பேட்ச் எண், தயாரித்த தேதி, கெமிக்கல் புட்டியின் லாட் எண் மூன்றையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு முடிவு திரும்ப வராதபோது காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒளிந்திருக்கும். நோட்டுப் பக்கங்களை வெள்ளிக்கிழமை போனில் படமெடுத்து இரண்டு இடத்தில் ஏற்றிவிடுங்கள்.

எழுதுவதை நான்காம் ஆண்டுக்குத் தள்ளாதீர்கள். செய்முறை அத்தியாயத்தை சோதனை நடக்கும் வாரமே எழுதினால் அளவுகள் நினைவில் இருக்கும். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒரு வழி: பத்தியில் சொல்ல வேண்டியதை முதலில் தமிழில் நாலு வரி எழுதுங்கள், பிறகு ஆங்கிலத்தில் புதிதாக எழுதுங்கள். நேராக ஆங்கிலத்தில் தடவும்போதுதான் அடுத்தவர் வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றிப் போடும் ஆசை வரும். 2018 விதிப்படி 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை, அதைத் தாண்டி 40 வரை போனால் திருத்தித் தரச் சொல்வார்கள், 40ஐத் தாண்டினால் திருத்தியதையும் ஓராண்டுக்குத் தர முடியாது, 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து. கட்டுரைகளுக்காகத் திருட்டுத் தளங்களில் அலையத் தேவையில்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும் பதிப்பகங்களின் ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. ரூமிலிருந்து படிக்க நூலகத்தில் கேட்டு இன்ஃபெட் (வெளியிலிருந்தும் ஆய்விதழ்களைத் திறக்க உதவும் லாகின்) கணக்கு வாங்குங்கள். மூன்று நாளில் போட்டுத் தருகிறோம், இவ்வளவு ரூபாய் என்று போனில் வரும் பத்திரிகைகளுக்குப் பதிலே எழுத வேண்டாம்.

வீட்டுக்கு வருவோம். லீவு என்று ஒன்று உங்களுக்கு இல்லை என்பதை ஊரில் நம்ப மாட்டார்கள். படிக்கிற பையன்தானே, வந்துவிட்டுப் போனால் என்ன என்பார்கள். எல்லா ஒறம்பரை (உறவு) வீட்டு விசேஷத்துக்கும் போக முடியாது, ஒன்றுக்கும் போகாமலும் இருக்க முடியாது. சீர் வைக்க வேண்டிய கல்யாணத்துக்குப் போகாவிட்டால் பேச்சு பத்து வருசத்துக்கு நிற்கும். ஆண்டு தொடக்கத்தில் அம்மாவோடு காலண்டரை வைத்துக்கொண்டு உட்காருங்கள். பங்காளி, மாமன் வீட்டு விசேஷங்கள், குலதெய்வக் கோயில், அந்தியூர் குருநாதசாமி நோம்பி (திருவிழா) என்று கட்டாயம் போக வேண்டிய நாட்களைக் குறித்துவிட்டு, மற்றதற்கெல்லாம் அப்பா போவார் என்று அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, புரட்டாசியிலும் பெரும்பாலும் இருக்காது. இடைவிடாமல் நாலு வாரம் பார்க்க வேண்டிய சோதனைகளை அந்த மாதங்களில் வையுங்கள். தை முதல் பங்குனி வரை மஞ்சள் வெட்டு, வேக வைப்பது என்று வீட்டில் ஆள் தேவைப்படும். அப்போது ஒரு முறை சேர்ந்தாற்போல நாலு நாள் போய் நின்றுவிட்டு வருவது, மாதம் மூன்று முறை அரை நாள் தலைகாட்டுவதை விட மேல். அந்தியூருக்குப் போகவும் வரவும் பஸ்ஸிலேயே ஆறு மணி நேரம் போகிறது.

"எப்ப வேலைக்குப் போவே" என்பதற்கு ஆராய்ச்சியின் அருமையை விளக்கிப் பயனில்லை. இரண்டு விஷயம் சொல்லுங்கள். மாதம் இவ்வளவு வருகிறது என்று தொகையைச் சொல்லுங்கள். சம்பளம் வாங்குகிற வேலைதான் இது என்பது அப்போதுதான் பிடிபடும். முடிகிற ஆண்டைச் சொல்லுங்கள், ஐந்து என்று. மூன்றில் முடித்துவிடுவேன் என்று வாய்விட்டால் நாலாம் ஆண்டு ஒவ்வொரு நோம்பிக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்குப் பணம் தருவதானால் மாதாமாதம் ஒரே தொகையாக, உங்களால் தாங்கக்கூடியதாகத் தாருங்கள். அரியர் வந்த மாதம் மொத்தத்தையும் கிணறு வெட்டவோ போர் போடவோ கொடுத்துவிட்டு, அடுத்த மூன்று மாதம் நண்பர்களிடம் கைமாற்று வாங்கும் ஸ்காலர்கள் நம் பக்கம் நிறைய.

வள்ளி கும்மியை விடாதீர்கள், இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. லேபில் முடிவு வருமா வராதா என்று தெரியாமல் வாரங்கள் போகும். கால் அடவு சரியாக விழுந்ததா என்பது அந்த நிமிடமே தெரியும் ஓரிடம் வாரத்தில் ஒரு முறையாவது வேண்டும். இந்தக் கலையைச் சொல்லிக் கொடுத்துவந்த மேட்டுப்பாளையம் பக்கத்து பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கோவையைச் சுற்றியுள்ள ஊர்களில் பொழுதிறங்கிய பிறகு பயிற்சி நடக்கிறது, ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக வருகிறார்கள். ரூமிலிருந்து போய்வரத் தோதான ஒரு குழுவில் வாரம் ஒரு நாள் போதும். அரங்கேற்றம், கோயில் நிகழ்ச்சி என்று ராத்திரி மூன்று நான்கு மணி நேரம் ஆடும் நாட்களை மட்டும் எண்ணி ஒத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை லாமினாரில் (கிருமியில்லாக் காற்று வீசும் வேலை மேசை) உட்கார வேண்டாம். தூக்கமில்லாத கைதான் ஃபிளாஸ்க் வாயைத் தொடும். சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு ஆடுவது குதிகாலையும் முழங்கால் கீழ் எலும்பையும் பிடிக்கும், மண் திடலில் ஆடும் குழுவாகப் பாருங்கள். ஆடுவதற்கு முன் கெண்டைக்காலை ஐந்து நிமிடம் இழுத்து விடுங்கள். ஆட முடியாத மாதங்களில் சிங்காநல்லூர்க் குளமோ சூலூர்க் குளமோ இருக்கிறது. காலை ஆறரைக்குப் போனால் எட்டரைக்குத் திரும்பிவிடலாம், ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்தால் தெரிந்தவர்களும் கிடைப்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. இரண்டாம் ஆண்டு முடிவிலும் நாலாம் ஆண்டிலும் பலருக்கு மனசு இறங்கும். முதல் சோதனைகள் ஊத்திக்கொண்டிருக்கும், கூடப் படித்தவர்கள் சம்பளம் வாங்கிக் கல்யாணமும் முடித்திருப்பார்கள். கொஞ்ச நாள் வெசனம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் தூக்கம், பசி இரண்டும் கெட்டு, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல், கைடின் போனை எடுக்கப் பயந்து லேபுக்கே போகாமல் இருப்பது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது சோம்பேறித்தனம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றையும் பாருங்கள், இவற்றில் கோளாறு இருந்து சோர்வு வருவதும் உண்டு. கூடவே அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416க்குப் பேசுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். கோவை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போவது உங்கள் துறைக்குத் தெரிய வேண்டியதில்லை. சாக வேண்டும் போல் இருக்கிறது என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் இரண்டு வாரம் பார்க்காதீர்கள், அன்றே பேசுங்கள், ரூமில் தனியாக இருக்காதீர்கள். லேபுக்குப் போகாமல் நின்ற நாட்கள் கூடக்கூடத் திரும்பிப் போவது கடினமாகும். அப்படி ஒரு இடைவெளி விழுந்துவிட்டால், முதல் நாள் போய் ஃபிளாஸ்க் கழுவிவிட்டு வந்தாலே போதும்.

பைக்குக்கு இப்போது அவசரமில்லை. காந்திபுரம்–மருதமலை 70ஆம் எண் பஸ் வடவள்ளி வழியாகத்தான் போகிறது. முதல் அரியரில் வண்டி வாங்கிவிட்டால் ஆர்.டி. நின்றுபோகும். இரண்டாம் ஆண்டில், ராத்திரி பயிற்சி முடிந்து திரும்பப் பஸ் இல்லை என்ற நிலை வந்தால் பழைய வண்டி ஒன்று பாருங்கள். ஆர்.சி. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் மாற்றம் இரண்டும் முடியும் வரை முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.